ஓர் ஆளுக்கான அரிசி

திருச்சி மாவட்டத்தில் விளைவதும் செய்வதும் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்ற அட்டவணையில் வரவும் செலவும் சமமாக வேண்டும். அதைத் தயாரிக்கும் ஒப்பந்த ஊழியர் இளவேனில் எத்தனை முறை கூட்டினாலும் ஓர் ஆளுக்கான அரிசியும் பாலும் தண்ணீரும் மிஞ்சின.

"இன்னைக்கு அனுப்பலேன்னா உங்க காண்ட்ராக்ட் அவ்வளவுதாம்மா. எங்கயாவது தள்ளிவிடுங்க," என்றார் அதிகாரி சிவராமன்.

"எங்க வீட்டுலயா சார்?"

"தள்ளுங்க. ஒண்டி ஆளுதானே, இடம் இருக்குமே!"

கணக்கெடுத்த வீடுகளில் அவளுடைய ஸ்ரீரங்கத்து வீடும் ஒன்று. அலுப்போடு அதில் ஓர் ஆளைக் கூட்டினாள். அட்டவணை சரியாகிவிட்டது. அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

பூட்டைத் திறந்து சமையலறைக்குள் போனாள். யாரோ சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த தட்டில் இன்னும் நீர் சொட்டியது. பக்கத்தில் அவளுக்கென்று மூடி வைத்த தட்டில் சோறு சூடாக இருந்தது.

யாரென்று கேட்கத் தெம்பில்லை. உட்கார்ந்து சாப்பிட்டாள்.