எண் ஏறிய காரணம்

"குடலையே வெட்டித் தச்சு வச்சிருக்கு. இந்த லட்சணத்துல சிகரெட் கேக்குதா?"

வாசலிலேயே கணவர் மோன்ஜியின் கோட்டை உதறினாள் நஸீஹா. சிகரெட் பெட்டி தரையில் விழுந்தது. மோன்ஜி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவைப் பார்க்கத் தூனிஸிலிருந்து ஸ்ஃபாக்ஸுக்கு ஓடி வந்திருந்த மகள் ஓல்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். அது ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம். இதுவரை இரண்டைத் தாண்டாத எண், செவ்வாய்க்கிழமை எட்டு. அந்த எட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"சிகரெட் பிடிச்சாலும் அது கொஞ்சம் ஏறுமாம், டாக்டரே சொன்னாரு," என்றார் மோன்ஜி மெதுவாக. "ஓல்ஃபா பொறந்தப்ப விட்டது. போன மாசம் மறுபடி புத்தி கெட்டுப்போச்சு."

"அப்ப இதனாலதான் ஏறிச்சா?" என்றாள் நஸீஹா.

"பின்னே? வேற என்ன?"

"அடப் படுபாவி மனுஷா! இந்தப் பாழாப்போன சிகரெட்டுக்கா நான் மூணு நாளா அழுதேன்? இனிமே தொட்டா கையை ஒடிச்சிருவேன். வா, குஸ்குஸ் ஆறுது."

அவள் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே அவரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அடுக்களையில் ஓல்ஃபா பொரிந்தாள். "என்னம்மா, இவ்வளவு சுலபமா விட்டுட்டே? வர்ற புதன்கிழமை ஸ்கேன் இருக்கு. இப்படியும் ஒரு சுயநலமா? நான் போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

நஸீஹா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பெட்டியில எத்தனை இருக்குன்னு பாரு."

இருபதில் பத்தொன்பது இருந்தது.

"காலையில துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். ஒரு சிகரெட்டைக் கொளுத்திச் சுவர் மேல வச்சுட்டு, வாடை ஏறட்டும்னு கோட்டைப் புகையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு உங்கப்பா. இருமல் வேற! சத்தம் காட்டாம இறங்கி வந்துட்டேன்."

ஓல்ஃபாவுக்குக் கண் நிறைந்தது. "அப்ப... அந்த எட்டு?"

"புதன்கிழமை தெரிஞ்சிட்டுப் போகுது. அதுவரைக்கும் நான் அழக்கூடாதாம் அவருக்கு."

உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது.

"மூணு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் தூங்கறாரு, நான் நம்பிட்டேன்னு நம்பி. பாத்திரத்தை மெல்ல வை."