குழிக்குத் துணை நின்ற முருங்கைக் கிளை

தார்ச்சாலையின் நடுவில் ஒரு குழி இருந்தது. மழைத்தண்ணீர் மூடிக்கொண்டதால் பலர் அது தெரியாமல் வண்டியோடு விழுந்தார்கள். எழுந்ததும் குழியைத்தான் திட்டினார்கள்.

“என்னை நானேவா தோண்டிக்கிட்டேன்?” என்று குழி முனகும்.

ஒருநாள் எதிரே இருந்த இட்லிக்கடைக்காரர் முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்து, நுனியில் சிவப்புத் துணி கட்டி, குழிக்குள் நட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து வண்டிகள் விலகிப் போயின.

“நீ வந்தப்புறம்தான் எனக்கு நிம்மதி” என்றது குழி.

“ரோடு போட ஆள் வர்ற வரைக்கும்தானே. நிக்கிறேன்” என்றது கிளை.

ஆள் வரவில்லை. கிளை வேர் பிடித்துத் துளிர்த்தது. அடுத்த மழைக்காலமும் போய், பூவும் வைத்தது. பிஞ்சு விடப்போகும் சமயத்தில் தார் ஏற்றிய லாரி வந்து நின்றது.

“அப்பாடா. இனிமே யாரும் திட்டமாட்டாங்க. போயிட்டு வரேன்” என்றது குழி.

“வரேன்னு சொல்லாதே. போறேன்னே சொல்லு” என்றது கிளை.

கிளையை வேரோடு பிடுங்கி வைத்துவிட்டுக் குழியை மூடினார்கள். கொண்டுவந்த தார் அந்த ஒரு குழிக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஒரு தொழிலாளி கிளையை எடுத்துப்போய்ச் சற்றுத் தள்ளியிருந்த பெரிய குழியில் நட்டார்.

“வந்துட்டியா? காலையிலகூட ஒருத்தர் பால்கேனோட விழுந்தார்” என்று பெருமூச்சு விட்டது பெரிய குழி.

திரும்பிப் போகும் லாரியைக் கிளை பார்த்தது. காலடியில் சேறு குளிர்ச்சியாக இருந்தது.

“நல்லதாப் போச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள இங்க காய்ச்சே முடிச்சிடலாம்” என்றது.