எண்ணெய் விட்டால் நிற்காது

கீச்சிடுகிற எதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய் போதும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மிகுந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய ராணுவ லாரியில் தகடும் தகடும் உரசுகிற இடத்தில் எண்ணெய் விட்டால் தூசிதான் சேரும். நடுவே தார் தோய்த்த துணிப்பட்டை வைக்க வேண்டும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

இதை மேஜர் ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் ராணுவத்தில் இருந்தவர் அல்ல, லாரிதான் இருந்தது. பட்டம் அதனால் வந்தது.

மறுநாள் பழைய வண்டிகளின் கண்காட்சி. போன தடவை கதவுச் சத்தத்தால்தான் பரிசு கை நழுவியது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. காலையில் வலது கதவுக்குப் பட்டை ஒட்டி முடித்தார். இடது கதவுக்கான டப்பாவைத் திறந்தார்.

காலி.

பட்டறைச் சாவி இன்னொருவனிடம்தான் உண்டு. மனைவியின் தம்பி, வெல்டர்.

"மச்சான், இதுல இருந்த ரப்பர் எங்கே?"

மூலையில் வேலையாக இருந்த மச்சினன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "நான்தான் எடுத்தேன் அத்தான்."

"துணிப்பட்டை?"

"அதையும்தான். வேற ஒரு இடத்துல போட்டுட்டேன். பதிலுக்கு ஆர்டர் குடுத்திருக்கேன். இன்னும் வரல."

மேஜர் லாரியைச் சுற்றி வந்தார். ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். மறுபடி சுற்றினார்.

"கப்பல்ல வந்த சரக்குடா அது. யாருக்குத் தூக்கிக் குடுத்தே?"

"வேண்டப்பட்டவங்கதான்."

"பேரைச் சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"இங்க உத்தரவு போடுற ஆள் நான்."

"அப்படித்தான் நானும் நினைச்சிட்டிருந்தேன் அத்தான்."

மேஜருக்கு முகம் சிவந்தது. "சாவியை வச்சிட்டுக் கிளம்பு. நாளைக்கு வண்டி பக்கம் வராதே."

மச்சினன் சாவியை லாரியின் பானெட்மேல் வைத்தான்.

"பெயின்ட்டுல வைக்காதே. கீறிடும்."

எடுத்து டூல்ஸ் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

திருட்டை இப்போதே அவன் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். மேஜர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். தூங்கினால் என்ன, எழுப்ப வேண்டியதுதான். படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வந்த வேகத்தில் அறைந்து சாத்தினார்.

சத்தம் வரவில்லை.

திறந்து, மறுபடி சாத்தினார். அப்போதும் வரவில்லை. சட்டத்தைச் சுற்றி வழவழவென்று கறுப்பு ரப்பர் ஓடியது. மூலைகளில் மச்சினனின் சாய்வு வெட்டு. எதிரே, முன்பெல்லாம் காற்றில் ஓயாமல் தடதடத்த ஜன்னலில், இடுக்கெல்லாம் துணிப்பட்டை.

"இது... எப்போ போட்டது?"

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. "மழைக்காலத்துக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடியா?"

"தூங்க முடியலன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன். லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு, 'கொஞ்சம் எண்ணெய் விடு'ன்னீங்க. விட்டுப் பார்த்தேன். நிக்கல. அப்புறம் தம்பிகிட்ட சொன்னேன்."

"அதை அவன் என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான்தான் வேணாம்னேன். நீங்களா எப்போ கவனிக்கிறீங்கன்னு பார்க்கலாம்னு." திரும்பிப் படுத்தாள். "சாத்திட்டுப் போங்க."

மேஜர் ரப்பரின் ஒரு முனையை நகத்தால் லேசாக நெம்பினார். பாதி உரிந்து வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு மச்சினன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் கண்காட்சியில் இடது இருக்கையிலிருந்து மச்சினன் இறங்கினான். கதவு கீச்சென்றது. நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார்.

"கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க சார்" என்றார் போகிற போக்கில்.

மேஜர் சரி என்று தலையாட்டினார்.