மாத்திரையில் வந்த கோடிப் பேர்

தணிகாசலத்தின் குடலில் ஒரு நல்ல கிருமி இருந்தது. கொலஸ்ட்ராலை ரத்தத்தில் சேரவிடாமல் பிடித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அன்றைக்கு அதற்குப் பொறுமை போய்விட்டது.

"கீரை இல்ல, அவரைக்காய் இல்ல. நார்ச்சத்தைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு. பட்டினி கிடந்துக்கிட்டு எவன் வேலை செய்வான்?" என்று ஈரலிடம் கத்தியது.

"என்மேல ஏன் பாயுற? கொலஸ்ட்ரால் ஏறினதுக்கு எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க," என்றது ஈரல். "கொஞ்சம் பொறு. மாத்திரையில உனக்குத் துணைக்கு ஆள் வருதாம்."

சொன்னபடியே ஒரு மாத்திரை வந்து உடைந்தது. உள்ளேயிருந்து திமுதிமுவென்று புதுக் கிருமிகள் இறங்கின.

"கவலையே படாதீங்கண்ணே, கோடிப் பேர் வந்திருக்கோம்," என்றது முன்னால் நின்ற புதுக் கிருமி. "வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க. சாப்பாடு மட்டும் எப்போன்னு சொல்லுங்க."

பழைய கிருமி வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து தணிகாசலத்தின் குரல் கேட்டது.

"அந்தக் கீரையை எடுத்துட்டுப் போ. அதான் மாத்திரை போட்டாச்சே! இன்னும் ரெண்டு பரோட்டா வை."

"காதுல விழுந்துச்சா?" என்றது பழைய கிருமி.