ஊட்டிக் குளிர்

"இன்னாம்மா கேக்குற, இங்க ஒரே குளுரு. ஸ்வெட்டரு போட்டுகினும் நடுங்குது" என்று போனில் சொல்லிவிட்டு, கழுத்தில் வழிந்த வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள் லாவண்யா.

பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் சரண் தலையைக் குனிந்துகொண்டான். ஊட்டியில் ஃபேன் ஓடக் கூடாதே. அதனால் மாமியார் போன் வரும்போதெல்லாம் ஃபேனை நிறுத்துவது அவன் வேலை.

ஊட்டி வேறெங்கும் இல்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் அதே ஒற்றை அறைதான். நேற்று விடியற்காலையில் சரணின் சிநேகிதன் டில்லிபாபு வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை வந்து திறப்பான். அதுவரை பின்பக்க ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலம் வரும்.

"மாப்ள எங்கனா கூட்டிகினு போனாரா கண்ணு?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம். சேக்காட்டில் தனியாக இருக்கும் அவளுக்கு லாவண்யா ஒரே மகள்.

"போட்டுல போனோம்மா."

"ஞாயித்துக்கிழமதான வர்றீங்க? அதுக்கு முன்னாடி வந்துடாதீங்க. நிம்மதியா சுத்திப் பாருங்க."

"சரிம்மா. நீ வேலைக்கு எதுக்கும் போவலையே?"

"நானா? தாலி கட்டின அன்னிக்கே மாப்ள சொல்லிட்டாரே, இனிமே யார் ஊட்லயும் பாத்திரம் தேய்க்கக் கூடாது அத்தைன்னு. சும்மா டிவி பாத்துகினு கீறேன்."

போனை வைத்ததும் சரண் ஃபேனைப் போட்டான். அது புழுக்கத்தைச் சுற்றிச் சுற்றி அவர்கள் மேலேயே தள்ளியது.

கல்யாணமான புதிதில் இருவரும் போட்ட திட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. முதலில் ஊட்டி, மூன்று நாள். செலவைப் பார்த்ததும் ஊட்டி ஏலகிரி ஆனது. ஏலகிரி, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் மகாபலிபுரம் ஆனது. கடைசியில் திருநின்றவூர் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தால் போதும் என்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தார்கள். அப்போதுதான் பஞ்சவர்ணம், சீட்டு எடுத்தேன் என்று பதினைந்தாயிரம் ரூபாயை மகள் கையில் திணித்தாள். "ஊட்டிக்கே போய்ட்டு வாங்க" என்றவள், சேக்காடு முழுக்க அதைச் சொல்லியும் வைத்தாள்.

அதே வாரம் அம்பத்தூரில் சரண் வேலை பார்த்த கம்பெனி, காண்ட்ராக்ட் ஆட்களை இனி வர வேண்டாம் என்றது. ஊட்டிப் பணம் வீட்டு வாடகைக்குப் போனது. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா வரலட்சுமிக்கும் பஞ்சவர்ணத்துக்கும் அப்படி ஒரு சிநேகம். இவர்கள் ஊட்டிக்குப் போகவில்லை என்று தெரிந்தால், சாயங்காலமே விஷயம் சேக்காடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பூட்டு.

வெளியே யாரோ சரக் சரக்கென்று பெருக்கும் சத்தம் கேட்டது. லாவண்யா தெருப்பக்க ஜன்னலை நோக்கித் திரும்பினாள்.

"கிட்ட போவாத. எதிர் ஊட்டு வேலைக்காரம்மா லீவாம். நாலு நாளைக்கு வேற யாரையோ வெச்சுகீறாங்கன்னு டில்லி சொன்னான். புது ஆளு, கண்ணுல பட்டா வம்பு" என்றான் சரண்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவனே தொடர்ந்தான்.

"அத்தைய ஒக்கார வெச்சு சோறு போடுறேன்னு சொன்னேன். கல்யாணத்துல இருந்து மாசாமாசம் பணம் குடுத்தேன். இந்த மாசம் குடுக்கல. அது ஒரு வார்த்த கேக்கல, பாத்தியா? இன்னாத்த தின்னுதோ, எப்பிடிக் கீதோ."

அவன் குரல் உடைந்தது. கல்யாணமாகி ஐந்து மாதத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தேனிலவுக்கு வந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தது போலும்.

"அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு. வேலை போனதையும் சொல்லிடு. இதுக்கு மேல என்னால முடியல."

லாவண்யா நம்பரை அழுத்தினாள். சரண் எழுந்து ஃபேனை நிறுத்தினான். அறை அடங்கிப் போனது. வெளியே பெருக்கும் சத்தமும் நின்றிருந்தது.

"இன்னா கண்ணு, இப்பதான பேசுன?"

"யம்மா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கோலமாவுக்காரரின் சைக்கிள் திரும்பியது. அவருடைய ஸ்பீக்கர் பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. கடைசி எழுத்து விழவே விழாது. இந்தத் தெருவுக்கு மட்டுமே பழகிப்போன குரல் அது.

"கோலமா... கோலமா..."

லாவண்யா பதறிப் போய்ப் போனைக் கையால் பொத்தினாள். ஊட்டியில் ஏது கோலமாவு? சொல்ல நினைத்ததை அவள் வாயால் சொல்வதற்குள் அந்தச் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும் போலிருந்தது. சைக்கிள் வீட்டைத் தாண்டட்டும் என்று காத்திருந்தாள். அது தாண்டவில்லை. எதிர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

பொறுக்க முடியாமல் போனைக் காதில் வைத்தாள். அதற்குள்ளிருந்தும், இன்னும் கிட்டத்தில், அதே குரல் கேட்டது.

"கோலமா... கோலமா..."

"டிவில சத்தம் கண்ணு, ஒரு நிமிசம் இரு" என்றாள் அம்மா.

லாவண்யா ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். எதிர் வீட்டு வாசலில், புடவையைத் தூக்கிச் செருகி, கக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற பஞ்சவர்ணம், போனை மார்போடு அழுத்திப் பொத்தியபடி, கோலமாவுக்காரரை "போய்யா, போய்யா" என்று கைகாட்டி விரட்டிக்கொண்டிருந்தாள்.