ஒன்பதாவது விதி

"அத்தான், நிறுத்துங்க! ஒன்பதாவது விதி தப்பு. இன்னும் வெளியிடாதீங்க!"

மைத்துனன் எழுந்த வேகத்தில் சாப்பாட்டு மேசை ஒருமுறை ஆடி நின்றது. மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சர்வேயர் நிமிரவில்லை.

"என்ன தப்பு?"

"நாலாவது விதியில, அடிபட்ட வீரன் தேற மூணு ராத்திரி ஆகும்னு எழுதியிருக்கீங்க. ஒன்பதுல, ஒரே ராத்திரி தூங்கினா போதும்னு இருக்கு. எதை நம்பறது?"

"இருக்கட்டும் மாப்ளே."

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷமெடுத்து, பகடை உருட்டிக் கதையாகவே வளர்த்துக்கொண்டு போகும் ஆட்டம் அது. கடையில் வாங்கிய விதிப்புத்தகம் போதாமல் இந்த வீட்டில் சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட விதிகளை, சர்வேயர் சிறு புத்தகமாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டுவந்தார். இது நான்காம் பதிப்பு.

"என்னத்த இருக்கட்டும்? அந்த ‘ஒற்றைக்கண் வீரன்’ சும்மா விடுவானா? வேற யாரும் படிக்கிறாங்களோ இல்லையோ, புத்தகம் வந்ததும் முதல் ஆளா மெயில் போடறான். போன தடவை என்ன எழுதினான்? ‘விதி எழுதியவர் தூக்கத்தில் எழுதினாரா?’ன்னு!"

சர்வேயர் சிரித்தார். "நல்லா எழுதறாங்க இல்ல?"

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா? ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாம அளக்கற மனுஷன், பத்துப் பக்கத்துல இத்தனை ஓட்டை விடறீங்க. அக்கா, நீயாவது சொல்லேன்!"

அக்கா துணி மடித்து, நான்காவது நாற்காலியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

"என்னை இழுக்காதே. அந்த ஆட்டத்துல எனக்கு ஒரு எழவும் புரியாது."

"இந்தத் தடவை அவன் வாயை அடைச்சே ஆகணும். தள்ளுங்க அத்தான், நானே திருத்திடறேன்."

மைத்துனன் கையை நீட்டினான். சர்வேயர் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதல் மெயில்ல என்ன கேட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? ‘மேசை ஆடி, நின்ற பகடை புரண்டுவிட்டால் எந்த எண்ணை எடுப்பது?’ன்னு. கிறுக்கன்! எவன் வீட்டு மேசை அப்படி ஆடும்?"

சர்வேயர் மேசையின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினார். அது மெல்லச் சாய்ந்தது. மேலே கிடந்த பகடை புரண்டது.

மைத்துனன் பகடையைப் பார்த்தான். பிறகு துணி அடுக்கியிருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"அத்தான்... நம்ம பாப்பாவா?"

"கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவ, ஒரு போன் கிடையாது. இது மட்டும்தான் வருது. அவதான்னு தெரிஞ்சமாதிரி காட்டிக்கிட்டா, இதையும் நிறுத்திடுவா." சர்வேயர் திரையில் ஒன்பதாவது விதியைத் தடவினார். "எல்லாம் சரியா இருந்தா அவ எதுக்கு மாப்ளே எழுதப்போறா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா எழுந்து வந்து கணவரின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"பதினொண்ணுலயும் ஒரு தப்பு போடுங்க," என்றாள். "போன மெயில் ரெண்டே வரிதான் இருந்துச்சு."