அப்டேட் ஆகாத முகம்

"நேத்து கம்ப்யூட்டர் தானா அப்டேட் ஆச்சு தம்பி. என் புருஷனை அழிச்சிடுச்சு!" என்றாள் ரௌஷன்.

பழுது பார்க்க வந்த பெக்கெத் பையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தான். வீடெல்லாம் எண்ணெய் வாசனை. இறந்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை சுடும் ஷெல்பெக் ரொட்டி ஏழு, மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். அவள் கணவன் சாயாத் கடைசியாகத் தன் அம்மாவிடம் வீடியோ காலில் பேசியபோது, கேமராவை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளின் கோளாறால் கேமரா அவன் முகத்தோடு உறைந்துவிட்டது. அதன்பின் யார் எதிரே உட்கார்ந்தாலும் திரையில் அவன்தான். மறுநாளே லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தான், பாவி.

"ஊர்ல அத்தைக்கு, அவரோட அம்மாவுக்கு, இன்னும் தெரியாது. நம்ம வழக்கப்படி சாவுச் செய்தியைப் பெரியவங்க நேர்ல போய்த்தானே சொல்லணும்? இதய ஆபரேஷன் ஆன உடம்பு, தாங்காதுன்னு தள்ளிப்போட்டுட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமையானா அத்தை நாலு மணிக்குக் கூப்பிடுவாங்க. நெட் சரியில்ல, மைக் ரிப்பேர்னு நான் சமாளிப்பேன்."

"ஒரு போட்டோவை வச்சிடலாமே அக்கா?"

"போட்டோல விறைப்பா இருப்பார். இதுல 'அம்மா'ன்னு கூப்பிட வாயெடுத்த மாதிரி..." அவள் திரையைத் துடைத்தாள்.

மணி மூன்றரை. பெக்கெத் பழைய டிரைவரையே ஏற்றினான். சாயாத் திரையில் வந்தான், வாய் பாதி திறந்தபடி. பெக்கெத் தன்னையறியாமல் திரும்பி நாற்காலியைப் பார்த்தான். காலிதான். டிரைவர் தானாக மாறாதபடி அப்டேட் வசதியையும் அவசரமாக அணைத்தான்.

சரியாக நாலு மணிக்கு, கையில் ஒட்டிய மாவைத் துடைத்தபடி மாமியார் திரையில் வந்தார்.

"சாயாத், கண்ணு, சாப்பிட்டியாடா? இளைச்சுத் தெரியறியே..."

ரௌஷன் கேமராவுக்கு எட்டாமல் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

திடீரென்று படம் துடித்தது. ஏற்கெனவே இறங்கிக் காத்திருந்த அப்டேட்! அதை நீக்க பெக்கெத் மறந்திருந்தான். சாயாத் மறைந்தான். திரையில் வெறும் நாற்காலி, பின்னால் மேசை, அதன்மேல் ஏழு ஷெல்பெக்.

"ஐயோ அத்தை!" என்று பதறி ஓடி வந்தாள் ரௌஷன்.

மாமியார் அந்தத் தட்டையே பார்த்தார். பிறகு குனிந்து, தன் பக்கத்தில் இருந்த தட்டைத் தூக்கிக் காட்டினார். அதிலும் ஏழு.

"அவன் போன மூணாம் நாளே எனக்குத் தெரியும்மா. அவன் முகத்தை மட்டும் திரும்பப் போட்டுடு."